வீட்டுக்குப் பின்னால் ஒரு சந்து

(ஆகஸ்ட் மாதம் சென்னையில் நடந்த இளைஞர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் நம் ஊரில் பலபேர் நடக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். 1639 ஆகஸ்ட் 22ஆம் தேதி கடலோரத்தில் ஒரு துண்டு மணல்வெளி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. அந்த நாளைச் 'சென்னை நாள்' என்று 2004இல் இருந்து கொண்டாடுகிறார்கள். அதையொட்டி மரபு நடை, புகைப்படக் கண்காட்சி, கட்டடக்கலை உரை, பழைய வீடுகளின் உள்ளே கூட்டிப்போய்க் காட்டுவது என்று வாரம் முழுக்க நிகழ்ச்சிகள். பெரும்பாலும் காலை ஆறரை மணி. தொப்பி, தண்ணீர் பாட்டில், கேமரா. முடிந்ததும் ஒரு நல்ல ஓட்டலில் பொங்கலும் காபியும். நானும் போயிருக்கிறேன். ஒன்றல்ல, பத்துப் பன்னிரண்டு நடைகள். கிண்டல் செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த நடைகளில் நான் கற்றுக்கொண்டது நிறைய. கற்றுக்கொண்டதைக் கொண்டுதான் இன்றைக்குப் பேசவே போகிறேன்.

ஒரு நடையில் நடந்ததை முதலில் சொல்கிறேன். ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய தெரு. ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள். ஒரு வீட்டுக்காரர் பெருந்தன்மையாகக் கதவைத் திறந்துவிட்டார். வழிகாட்டி திண்ணையைக் காட்டினார். வழிப்போக்கர்கள் இளைப்பாற நம் முன்னோர்கள் கட்டியது, அந்நியரையும் உறவாக நினைத்த பண்பாடு என்றார். பிறகு ரேழி, முற்றம், மரத்தூண், மெட்ராஸ் ஓடு வேய்ந்த தாழ்வாரம். உண்மையிலேயே அழகான வீடு. அடுப்படியைத் தாண்டிக் கொல்லைப்புறம் போனோம். கிணறு, துவைகல். அதற்கும் பின்னால் மதில். மதிலில் இடுப்புயரத்துக்கு ஒரு சின்னக் கதவு, துருப்பிடித்த தாழ்ப்பாளோடு. கதவுக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் மட்டும் போகிற அகலத்தில் ஒரு சந்து.

கூட வந்த கல்லூரி மாணவி ஒருவர் கேட்டார்: "இந்தச் சந்து எதுக்கு?"

வழிகாட்டி சொன்னார்: "காற்றோட்டத்துக்கு."

அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அவருக்குத் தெரியவில்லை. அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்களும் சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்குத் தெரிந்ததற்கு ஒரே காரணம்தான். என் அவ்வா மாநகராட்சியில் வேலை பார்த்தவர். நாங்கள் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். இந்த நகரத்தைச் சுத்தம் செய்வதற்கென்றே தலைமுறை தலைமுறையாக வைக்கப்பட்ட குடும்பங்களில் ஒன்று. அவ்வாவுக்கு இந்தத் தெருக்களின் வீடுகளெல்லாம் அத்துப்படி. ஆனால் எல்லாமே பின்பக்கமாக. "பச்சைக் கதவு வீடு", "முருங்கை மரத்து வீடு", "நாய் இருக்கிற வீடு" என்றுதான் சொல்வார். முன்பக்கம் எந்தத் தெரு, என்ன நம்பர், யார் பேர் போட்டிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. பார்த்ததில்லை.

எடுப்புக் கக்கூஸ் என்றால் இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? தண்ணீர் ஊற்றித் தள்ளுகிற ஏற்பாடு எதுவும் கிடையாது. மேலே இரண்டு கல். கீழே ஒரு தகரமோ கூடையோ, வெறும் தரையோ. அதை அள்ள ஓர் ஆள் தினமும் வரவேண்டும். அந்த ஆள் வீட்டுக்குள்ளே நடந்து வரக்கூடாது. திண்ணை, ரேழி, முற்றம், அடுப்படி எதிலும் அவர் நிழல் விழக்கூடாது. என்ன செய்வது? வீட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. மதிலில் ஒரு குட்டைக் கதவு. அவ்வளவுதான் அந்தச் சந்தின் கட்டடக்கலை. உலர் கழிப்பிடங்களைத் தடை செய்து நாடாளுமன்றம் சட்டம் போட்டதே 1993இல்தான். அது போதாது என்று 2013இல் இன்னொரு சட்டம் வந்தது. அந்தச் சந்துகள் பலவற்றில் இன்றைக்கு ஏசி பெட்டியின் தண்ணீர் சொட்டுகிறது.

அந்த வீட்டின் வரைபடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முன்வாசலிலிருந்து பின்வாசல்வரை ஒரு கோடு போடுங்கள். யார் எதுவரை வரலாம் என்பதைத்தான் அந்தக் கோடு சொல்கிறது. தெருவோடு நிற்க வேண்டியவர், திண்ணையில் உட்காரலாம் ஆனால் நடையைத் தாண்டக்கூடாதவர், முற்றம்வரை வரக்கூடியவர், அடுப்படிக்குள் நுழையும் உரிமை உள்ளவர். மாதத்தில் மூன்று நாள் அந்த வீட்டுப் பெண்ணே கொல்லைப்புறத்துக்குத் தள்ளப்படுவார். மனுசாஸ்திரத்தைப் புத்தகமாகப் படிக்க வேண்டியதில்லை, செங்கல்லில் கட்டி வைத்திருக்கிறார்கள். "வழிப்போக்கர்கள் இளைப்பாறத் திண்ணை" என்று சொல்கிறபோது எந்த வழிப்போக்கர் என்று ஒருவர் கேட்டால் போதும், அந்த நடையே வேறு நடையாகிவிடும்.

இந்தியாவில் இந்த மரபு நடைக்கு முன்மாதிரி அகமதாபாத். அந்த மாநகராட்சியே 1997இல் தொடங்கியது. 2017இல் யுனெஸ்கோ அந்தப் பழைய நகரத்தை உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்தது. அங்கே பார்க்கவேண்டியவை 'போல்' எனப்படும் குடியிருப்புகள். ஒரு வாசல், உள்ளே குறுகலான சந்துகள், மரவேலைப்பாடு மிக்க வீடுகள், பறவைகளுக்குத் தானியம் வைக்கத் தூண்கள். ஒவ்வொரு போலும் பெரும்பாலும் ஒரே சாதியோ சமூகமோ வாழ்ந்த இடம். இரவில் வாசலைச் சாத்திவிடுவார்கள். சமூக வாழ்வு, கூட்டு வாழ்க்கை என்று வர்ணிக்கிறார்கள். பறவைக்குத் தூண் வைத்தது அழகுதான். வாசல் யாருக்குச் சாத்தப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தக் கட்டடம் முழுசாகப் புரியும்.

சரி, நம் ஊருக்கு வருவோம்.

கோட்டைக்குள் வெள்ளையர் நகரம், கோட்டைக்கு வெளியே கறுப்பர் நகரம் என்று எல்லா நடையிலும் சொல்வார்கள். நிறவெறி என்று எல்லோரும் ஒப்புக்கொண்டு தலையாட்டுவார்கள். அங்கேயே நிறுத்திக்கொள்வது வசதி. ஏனென்றால் கறுப்பர் நகரத்துக்குள்ளே போனால் அங்கே வெள்ளைக்காரன் இல்லை, நாம்தான் இருக்கிறோம். 1707இல் வலங்கை இடங்கைச் சாதிகளுக்குள் பெரிய மோதல். தொடக்கம் எது தெரியுமா? ஒரு கல்யாண ஊர்வலம். எங்கள் தெருவழியாக எப்படிப் போகலாம் என்பதுதான் சண்டை. ஆளுநர் தாமஸ் பிட் என்ன செய்தார்? வலங்கையார் பெத்தநாயக்கன்பேட்டையில் இருங்கள், இடங்கையார் முத்தியால்பேட்டையில் இருங்கள் என்று நகரத்தைப் பிரித்துக்கொடுத்தார். இன்றைக்கு பேட்டை என்றால் நமக்குப் பேருந்து நிறுத்தம். அன்றைக்கு அது சாதிகளுக்கான பாகப்பிரிவினை. கம்பெனியின் பதிவேடுகளில் இவற்றோடு இன்னொரு சொல்லும் வருகிறது: பறச்சேரி. ஊர் என்றால் சேரி உண்டு, நகரம் என்றாலும் சேரி உண்டு. மெட்ராஸ் பிறந்தபோதே சேரியோடுதான் பிறந்தது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு செய்தி இருக்கிறது. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுப்பில் வருவது. கறுப்பர் நகரத்தின் காவல் தெய்வம் ஏகாத்தாள். ஆண்டுத் திருவிழாவில் ஊர் மொத்தத்தின் சார்பாக அம்மனுக்குத் தாலி கட்டவேண்டும். மாப்பிள்ளையாக நிற்பவர் ஒரு பறையர். யோசித்துப் பாருங்கள். நகரத்தின் தெய்வத்துக்குக் கணவன் முறை. அப்படியானால் நகரத்தின் மேல் அவருக்கு ஏதோ ஒரு மூத்த உரிமை இருந்திருக்கிறது, அதை ஊரே ஆண்டுக்கொருமுறை ஒப்புக்கொண்டிருக்கிறது. மறுநாள் அதே மனிதர் எந்தத் தெருவில் நடக்கலாம், எந்தக் கிணற்றைத் தொடலாம்? மெட்ராஸ் பற்றிய நடைகளில் கபாலீசுவரர் கோயில் குளத்தைச் சுற்றி எத்தனையோ பேர் கூட்டிப்போயிருக்கிறார்கள். ஏகாத்தாளை யாரும் எனக்குச் சொல்லவில்லை, நூலகத்தில்தான் கிடைத்தாள்.

பாரிமுனைக்குப் போனால் ஒரு வேலை செய்யுங்கள். டேர் ஹவுஸ் கட்டடத்தின் ஓரத்தில் ஒரு பழைய கல்தூண் நிற்கும். 1773இல் நட்ட எல்லைத் தூண்களில் மிஞ்சியது. பிரெஞ்சுக்காரர்கள் 1746இல் மெட்ராஸைப் பிடித்தார்கள், 1749இல் திரும்பக் கொடுத்தார்கள். அதற்குள் கோட்டையை ஒட்டி வீடுகள் இருந்தால் எதிரி மறைந்து சுடுவான் என்று பாடம் படித்துவிட்டார்கள். பழைய கறுப்பர் நகரத்தையே இடித்துத் தள்ளி வெட்டவெளி ஆக்கினார்கள். அந்த எல்லைக்குள் இனி யாரும் கட்டடம் கட்டக்கூடாது என்பதற்குத்தான் அந்தத் தூண். இன்றைக்கு உயர் நீதிமன்றம் இருக்கும் இடம் முன்பு ஒரு குடியிருப்பு. அங்கிருந்த சென்னகேசவப் பெருமாள் கோயிலையும் இடித்தார்கள். பதிலாக மாற்று இடமும் பணமும் கொடுத்து, கோயில் மறுபடி எழும்பியது. பூக்கடைக்குப் பக்கத்தில் இன்றும் இருக்கிறது. பெருமாளுக்கு மாற்று இடம் கிடைத்தது. கோட்டைக்கு மண் சுமந்தவன் குடிசைக்கு என்ன கிடைத்தது? அதற்கு எந்தத் தூணும் நடவில்லை.

1892இல் அதே வெட்டவெளியில் உயர் நீதிமன்றம் திறக்கப்பட்டது. பிராசிங்டன் தொடங்கினார், ஹென்றி இர்வின் முடித்தார், கட்டிக்கொடுத்தவர் நம்பெருமாள் செட்டி என்று வழிகாட்டிகள் சரியாகவே சொல்வார்கள். செனட் ஹவுஸ் என்றால் சிஷோம். ரிப்பன் மாளிகை என்றால் ஹாரிஸ், கட்டிமுடித்த ஆண்டு 1913, ஒப்பந்தக்காரர் லோகநாத முதலியார். வரைந்தவர் பெயரும் ஒப்பந்தம் எடுத்தவர் பெயரும் பதிவாகியிருக்கிறது. சுண்ணாம்பை யார் அரைத்தார்கள்? மெட்ராஸ் சுண்ணாம்புப் பூச்சு உலகப் புகழ் பெற்றது, கிளிஞ்சலைச் சுட்டு நீற்றி, நாள்கணக்கில் அரைத்து, கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளிங்குபோல் ஆக்குவார்கள். அந்தப் பளபளப்பு ஒரு கட்டடக் கலைஞரின் பேனாவிலிருந்து வந்ததில்லை. யாரோ சில பெண்களின் தோள்பட்டையிலிருந்து வந்தது. கூலிப் பட்டியலில் அவர்கள் எண்ணிக்கையாக இருந்திருப்பார்கள், பெயராக இருந்திருக்க மாட்டார்கள்.

இதற்காக இந்தக் கட்டடங்களை வெறுக்கவேண்டுமா? சில தோழர்கள் அப்படிச் சொல்கிறார்கள். ஆதிக்கத்தின் சின்னங்கள், இடிந்தால் இடியட்டும் என்று. நான் ஒப்புக்கொள்ளவில்லை. சுண்ணாம்பு அரைத்தவர்கள் நம் ஆட்கள் என்றால் கட்டடம் எப்படி அடுத்தவன் சொத்தாகும்? எஸ். முத்தையா போன்றவர்கள் பத்தாண்டுக்கணக்கில் எழுதி எழுதித்தான் இந்த நகரத்தில் பழைய கட்டடங்களைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணமே வந்தது. அவருடைய நூல் இல்லாமல் என்னால் ஒரு தெருவைக்கூட உங்களுக்குக் காட்டியிருக்க முடியாது. 2012இல் மரபுச் சின்ன ஆணையத்துக்கென்று தமிழ்நாட்டில் சட்டமும் வந்தது. என் வழக்கு, எது மரபு என்று முடிவு செய்கிற மேசையைப் பற்றியது. ஒரு வழக்கறிஞரின் பங்களா மரபு. ஒரு துணி வணிகரின் மாளிகை மரபு. புளியந்தோப்பு?

புளியந்தோப்புக்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

ரிப்பன் மாளிகையின் முன்னால் ஒரு சிலை நிற்கிறது. பி. தியாகராயர். நீதிக்கட்சியை உருவாக்கியவர்களில் ஒருவர், மாநகராட்சித் தலைவராக இருந்தவர், தியாகராய நகருக்குப் பெயர் கொடுத்தவர். நம் சமூகநீதி வரலாற்றில் அவருக்கு இடம் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. அங்கிருந்து வடக்கே கொஞ்ச தூரத்தில் புளியந்தோப்பு. 1921இல் பெரம்பூர் பின்னி ஆலைகளில், அதாவது பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில், பெரிய வேலைநிறுத்தம். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று சொல்லப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918இல் அங்கேதான் பிறந்தது. 1921 வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பெரும்பாலும் சேரவில்லை. சேராததற்கு அவர்களுக்குக் காரணங்கள் இருந்தன. கடன், பசி, சங்கத்திலும் சாதி இருந்தது என்ற அனுபவம். நிர்வாகமும் அரசும் அந்தப் பிளவைப் பயன்படுத்திக்கொண்டதும் உண்மை. விளைவு? தொழிற்சங்கச் சண்டை சாதிச் சண்டை ஆனது. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. துப்பாக்கிச் சூடு நடந்தது. உயிர்கள் போயின.

அந்த நேரத்தில் தியாகராயர் ஒரு யோசனை சொன்னார்: அமைதி வேண்டுமென்றால் ஆதிதிராவிடர்களை நகரத்துக்கு வெளியே கொண்டுபோய்க் குடியமர்த்த வேண்டும். வீடு எரிந்தவனை ஊரைவிட்டு அனுப்புவது தீர்வு! எம்.சி. ராஜா இதைக் கடுமையாக எதிர்த்தார். நீதிக்கட்சிக்கும் அவருக்கும் இடையே விழுந்த விரிசல் அதற்குப் பிறகு கூடவில்லை. பார்ப்பனரல்லாதார் அரசியலும் தலித் அரசியலும் ஏன் அடிக்கடி உரசிக்கொள்கின்றன என்று கேட்கிற இளம் தோழர்களுக்கு நான் எந்தப் புத்தகத்தையும் முதலில் கொடுக்கமாட்டேன். அந்தச் சிலையிலிருந்து புளியந்தோப்புவரை நடந்து வாருங்கள் என்பேன். ஒரு மணி நேரம்கூட ஆகாது.

சரியாக நூறு வருடம் கழித்து, 2021 ஆகஸ்டில், புளியந்தோப்பு மறுபடி செய்தியில் வந்தது. கே.பி. பார்க்கில் பழைய வாரியக் குடியிருப்பை இடித்துவிட்டு அரசு கட்டிய புது அடுக்குமாடி. மக்கள் குடியேறிக் கொஞ்ச நாள்தான். சுவரில் கை வைத்தால் பூச்சு கொட்டுகிறது. தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தோம். ஒரு பெண் விரலால் சுரண்டுகிறார், சிமெண்டு மணலாக உதிர்கிறது. நூறு வருடத்துக்கு மேலாக மழையில் நனைந்தும் ரிப்பன் மாளிகை வெள்ளையாக நிற்கிறது. நான் ஒரு கட்டடக்கலை நிகழ்ச்சி நடத்தினால் இந்த இரண்டு சுவர்களையும் தொட்டுப் பார்க்கச் சொல்வதோடு தொடங்குவேன். யாருக்காகக் கட்டுகிறோம் என்பது கலவையில் தெரிந்துவிடும்.

நகரத்துக்கு வெளியே அனுப்பு என்ற அந்த யோசனை சாகவில்லை, அதைத்தான் சொல்ல வருகிறேன். 1970இல் குடிசை மாற்று வாரியம் வந்தபோது, இருக்கும் இடத்திலேயே மாடிவீடு கட்டிக்கொடுப்பதுதான் கொள்கை. அந்த மூன்று நான்கு மாடி வாரியக் குடியிருப்புகள் நகரத்தின் நடுவிலேயே பல இடங்களில் இருக்கின்றன. அழகில்லை என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. குடிசை இருந்த இடத்திலேயே, பள்ளிக்கூடத்துக்கும் வேலைக்கும் பக்கத்திலேயே வீடு என்பதைவிடச் சிறந்த கட்டடக்கலை முடிவை இந்த நகரம் எடுத்ததில்லை என்பது என் எண்ணம். 2000ஆம் ஆண்டு வாக்கில் அது தலைகீழானது. கண்ணகி நகரில் 15,000க்கும் மேற்பட்ட வீடுகள். செம்மஞ்சேரி. பிறகு பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் கட்டடங்களாக ஏறத்தாழ 20,000. சதுப்பு நிலத்தின் ஓரத்தில், நகர மையத்திலிருந்து இருபது கிலோமீட்டருக்கும் அப்பால். கண்ணகி நகரில் தொடக்கத்தில் கட்டிய வீடுகள் 200 சதுர அடிகூட இல்லை.

2019 டிசம்பரில், பள்ளிக்கூட வருடத்தின் நடுவில், கூவம் கரையில் சத்தியவாணிமுத்து நகரைக் காலி செய்தார்கள். சென்ட்ரலுக்கும் தீவுத்திடலுக்கும் பக்கத்தில் இருந்த குடியிருப்பு. சத்தியவாணி முத்து யார்? அமைச்சராக இருந்த தலித் தலைவர். அவர் பெயரை வைத்துக்கொண்டால் காப்பாற்றும் என்று மக்கள் நினைத்திருக்கலாம். காப்பாற்றவில்லை. வீட்டை இடித்து, வண்டியில் ஏற்றி, பெரும்பாக்கம். மூட்டை தூக்குகிறவர், பூ கட்டுகிறவர், வீட்டு வேலை செய்கிறவர் எல்லோருடைய வேலையும் சென்ட்ரல் பக்கம் இருக்க, வீடு மட்டும் அங்கே போனது. நினைவிடங்களுக்கும் இதே கதைதான் என்று எனக்குத் தோன்றும். அயோத்திதாசர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' நடத்தியது இராயப்பேட்டையில். மணிமண்டபம் 2023இல் கிண்டியில் திறந்தார்கள். மண்டபம் வந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அவர் நடந்த தெருவில் அவரைத் தேடினால் என்ன கிடைக்கும் என்று ஒருமுறை போய்ப் பாருங்கள்.

இங்கே நான் செய்த தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். 2020இல் கண்ணகி நகர்ச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் வரைந்தார்கள். பல நாட்டுக் கலைஞர்கள் வந்தார்கள். கலை மாவட்டம் என்று பெயர். ஓவியங்கள் நன்றாக இருக்கின்றன, பிள்ளைகளின் முகங்கள், சிரிப்பு, நிறம். நானும் பத்து மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போனேன். நாம் மாற்று நடை நடத்துகிறோம் என்ற பெருமையோடு. குடத்தோடு நின்றிருந்த ஓர் அம்மா என்னைக் கூப்பிட்டார். "தம்பி, சுவத்த போட்டோ எடுக்கறீங்க, சரி. சுவத்துக்கு உள்ள நாங்க எத்தினி பேரு படுக்கறோம்னு எவனாச்சும் கேட்டீங்களா? மிருகக் காட்சி சாலைக்கு வந்தா மாதிரி வர்றீங்க, போறீங்க."

எனக்குப் பதில் வரவில்லை. பேருந்தில் திரும்பும்போது ஒரு மாணவர் கேட்டார்: "அவங்க சொன்னது சரின்னா, நாம எப்படித்தான் போறது? போகாமலே இருக்கிறதா?" அந்தக் கேள்வியோடுதான் நான் இன்னும் இருக்கிறேன்.

நியூயார்க்கில் 97, ஆர்ச்சர்ட் தெரு என்று ஒரு கட்டடம் இருக்கிறது. 1863இல் கட்டிய சாதாரண வாடகைக் குடியிருப்பு. வந்தேறித் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்தது. 1935இல் வீட்டுக்காரர் குடித்தனக்காரர்களைக் காலிசெய்து மேல்மாடிகளைப் பூட்டிவிட்டார். 1988இல் இரண்டு பெண்கள் அதைக் கண்டெடுத்து அருங்காட்சியகம் ஆக்கினார்கள். பெரிய மனிதர் யாரும் அங்கே பிறக்கவில்லை. தையல் வேலை செய்த குடும்பம் எந்த அறையில் துணி தைத்தது, அடுப்பு எங்கே இருந்தது என்று காட்டுகிறார்கள். சிகாகோ இன்னும் நமக்கு நெருக்கம். படகில் உட்காரவைத்து வானளாவிய கட்டடங்களைக் காட்டும் சுற்றுலாவுக்குப் பெயர்போன ஊர் அது. அங்கே அரசு கட்டிய ஏழைகள் குடியிருப்புகளை வரிசையாக இடித்துத் தள்ளியபோது, அதில் வாழ்ந்தவர்களே கேட்டார்கள்: எங்கள் வாழ்க்கைக்கு ஒரு கட்டடத்தையாவது விட்டுவையுங்கள் என்று. 1938இல் கட்டிய ஜேன் ஆடம்ஸ் குடியிருப்பில் கடைசியாக நின்ற ஒரே கட்டடம் 2025இல் பொதுக் குடியிருப்பு அருங்காட்சியகமாகத் திறந்தது. வருடக்கணக்கில் விடாமல் நின்று வாங்கினார்கள். அந்த அம்மா கேட்டதற்குப் பதில் இந்தப் பக்கம்தான் எங்கோ இருக்கிறது என்று நினைக்கிறேன். காட்டுகிறவர் யார் என்பதில்.

பரோடாவையும் சொல்லிவிடுகிறேன். அங்கே லட்சுமி விலாஸ் அரண்மனை என்று ஒன்று. நம் செனட் ஹவுஸைக் கட்டிய அதே சிஷோம் முடித்துக்கொடுத்தது, 1890. இன்றைக்கும் டிக்கெட் வாங்கிப் பார்க்கலாம். 1917இல் கொலம்பியாவில் படித்துவிட்டு அதே மன்னரின் அரசில் அதிகாரியாக வேலைக்குச் சேர்ந்தார் அண்ணல் அம்பேத்கர். அந்த நகரத்தில் அவருக்குத் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி பெயரில் ஒரு விடுதியில் தங்கினார். பதினோராம் நாள் தடியோடு வந்து வெளியேற்றினார்கள். கமாட்டி பாக் என்ற பூங்காவில் போய் உட்கார்ந்தார். அந்தப் பூங்காவில் இன்றைக்கு ஒரு மரத்தடி இருக்கிறது. சங்கல்ப பூமி என்று பெயர். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் நம் மக்கள் போகிறார்கள். டிக்கெட் கிடையாது, வழிகாட்டி கிடையாது, நீலக்கொடியும் மாலையும் எடுத்துக்கொண்டு அவர்களாகவே போகிறார்கள். அந்த நகரத்துக்குப் போகிற தோழர்கள் இரண்டையும் பாருங்கள், ஒரே நாளில் பாருங்கள். நகரத்துக்குப் போனால் சாதி போய்விடும் என்று நம்புகிற நண்பர் யாராவது இருந்தால் அவரையும் கூட்டிப்போங்கள்.

1924இல் மெட்ராஸ் சட்டமன்றத்தில், இரட்டைமலை சீனிவாசன் போன்றோர் வற்புறுத்தி, பொதுச்சாலை, பொதுக்கிணறு, பொதுக்கட்டடம் எதிலும் எந்த வகுப்பாரும் நுழையத் தடையில்லை என்று தீர்மானம் வந்தது. ஒரு தெருவில் நடப்பதற்குத் தீர்மானம் போடவேண்டியிருந்த நாடு இது. அதனால் நமக்கு நடை என்பது காலை உடற்பயிற்சி ஆகாது.

வேலைக்கு வருவோம். அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு ஒரு நடை வைத்திருக்கிறோம். ரிப்பன் மாளிகையில் தொடங்கி, கூவம் கரையில் சத்தியவாணிமுத்து நகர் இருந்த இடம் வழியாகப் புளியந்தோப்புவரை. ரிப்பன் மாளிகையின் கட்டடக்கலையை நான் சொல்வேன், அதற்கு அரை மணி போதும். கூவம் கரையில் பேசப்போவது அங்கே வாழ்ந்து இப்போது பெரும்பாக்கத்தில் இருப்பவர்கள். அன்றைய கூலி போகக்கூடாது என்பதால், வருகிறவர்கள் கொடுக்கும் ஐம்பது ரூபாய் அவர்களின் பேருந்துச் செலவுக்கும் கூலிக்கும். புளியந்தோப்பில் வீடுகளுக்குள் போகமாட்டோம், மொட்டை மாடிக்கும் போகமாட்டோம். தெருமுனையில் டீக்கடையில் உட்காருவோம், வந்து பேச விரும்புகிறவர்கள் வந்து பேசுவார்கள். யாரும் வராவிட்டால் டீ குடித்துவிட்டுத் திரும்புவோம். கேட்காமல் யாரையும் படம் எடுக்கக்கூடாது.

கண்ணகி நகர் அம்மாவை மறுபடி போய்ப் பார்த்தேன். நாங்கள் நடத்தவா, நீங்கள் நடத்துகிறீர்களா என்று கேட்டேன். "யோசிச்சு சொல்றேன். எனக்குச் சோறாக்கிட்டுத்தான் நேரம்" என்றார். அவர் இன்னும் சொல்லவில்லை. சொல்லும்வரை கண்ணகி நகருக்கு நடை கிடையாது.

ஞாயிறு காலை ஆறரைக்கு வந்துவிடுங்கள். வெயில் ஏறிவிடும், குடை கொண்டுவாருங்கள்.